குடிமக்கள் முதலில் வந்தார்கள்

மழை பிடித்துக்கொண்டால் என் நகரத்தில் வேலை நடக்காது. விவசாயி வயலை விட்டு ஓடுவார். கொத்தனார் பாதி எழுந்த சுவரை அப்படியே விட்டுவிட்டு ஒதுங்குவார். யாராவது செத்துப்போனால் அவருக்கு வேண்டியவர்கள் துக்கம் காக்கப் போய்விடுவார்கள். பசியெடுத்தால் எல்லோரும் உணவகத்துக்குப் படையெடுப்பார்கள். அங்கே அடுப்பெரிக்கக் கரி தீர்ந்திருந்தால் வெறும் வயிற்றோடு திரும்பி வருவார்கள். இவர்கள் அத்தனை பேரும் மைன்கிராஃப்ட் கேமுக்குள் வாழும் சதுரத் தலை மனிதர்கள்.

வெறும் மைன்கிராஃப்டில் இப்படி ஓர் ஊரைப் பார்க்க முடியாது. மாட் போட வேண்டும். மாட் என்றால் கம்பெனிக்கு வெளியே இருப்பவர்கள் எழுதி, கேமுக்குள் செருகிக்கொள்ளும் நிரல். என் நகரம் இரண்டு மாட்களின் மேல் நிற்கிறது. ஒன்று மைன்காலனீஸ். கரையோரம் என்றால் ஒரு கப்பலையும், உள்நாடு என்றால் ஒரு முகாமையும் வைத்துத் தொடங்க வேண்டும். ஊர் மன்றத்தை நட்டதும் நாலு பேர் தாங்களாகவே வந்து சேருவார்கள். அவர்களில் ஒருவருக்குக் கொத்தனார் வேலையைக் கொடுத்தால் அதன்பிறகு சுவர் வைக்கிற வேலை உங்களுடையது அல்ல. எந்த இடத்தில் எந்தக் கட்டடம் என்று காட்டுவதோடு சரி. கல்லும் மரமும் கிடங்கில் இருந்தால் கூரியர்காரர் கொண்டுபோய்க் கொடுப்பார். இல்லையென்றால் அவற்றைக் கேட்டு உங்களுக்குச் சீட்டு வரும். கொத்தனாரின் குடிசை எந்த நிலையில் இருக்கிறதோ, மற்றக் கட்டடங்களும் அந்த நிலையைத் தாண்டி உயராது. இந்த விதியை எழுதியவர் யாரோ, கட்டட வேலையை உள்ளிருந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது மாட், கிரியேட். 2019-இல் வந்தது. மின்சாரம், பேட்டரி எதுவும் இதன் அடிப்படையில் கிடையாது, சுழற்சி மட்டும்தான். ஆற்றில் நீர்ச்சக்கரத்தை வைத்து, தண்டும் பற்சக்கரமும் கோத்து, அந்தச் சுழற்சியை ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு இயந்திரமும் இவ்வளவு பளுவை இழுக்கும் என்று கணக்கு உண்டு. மொத்தப் பளு சக்கரத்தின் சக்தியை மிஞ்சிவிட்டால் கடைசியாகச் சேர்த்த இயந்திரம் மட்டும் நிற்காது, அந்தத் தொடரில் உள்ள அத்தனையும் நின்றுவிடும். 2022-இல் இதில் ரயிலும் சேர்ந்தது. என் நகரத்தில் மலையடிவாரச் சுரங்கத்திலிருந்து கிடங்குக்கு ஒரு தடம் ஓடுகிறது.

இப்படி வளர்ந்த நகரத்துக்கு நிலமோ கல்லோ தட்டுப்பாடு ஆவதில்லை. நேரம்தான் தட்டுப்பாடு. மைன்கிராஃப்ட் தன் உலகத்தை விநாடிக்கு 20 முறை கணக்கிடுகிறது. அந்தத் துடிப்புக்கு டிக் என்று பெயர். ஒரு டிக்குக்குக் கிடைப்பது 50 மில்லி விநாடி. 24,000 டிக் ஒரு நாள், அதாவது நம் கடிகாரத்தில் 20 நிமிடம். சக்கரங்கள், பெல்ட்டுகள், கால்நடைகள், குடிமக்கள் எல்லோருடைய கணக்கும் அந்த 50 மில்லி விநாடிக்குள் முடிய வேண்டும். முடியாவிட்டால் டிக் நீளும், நாளும் சேர்ந்து நீளும். என் நகரத்தில் சந்தை நாளன்றுபோல் எல்லாம் ஒரே சமயத்தில் இயங்கும்போது சூரியனே தாமதமாகத்தான் மறைகிறது.

இதையெல்லாம் பெருமையாகக் காட்டியபோது என் அக்கா மகன் உதட்டைப் பிதுக்கினான். "மாமா, இது மைன்கிராஃப்டே இல்ல. அதுல நம்மளே வெட்டி, நம்மளே சுமந்து, நம்மளே கட்டணும். வேலைக்கு ஆள் வெச்சுக் கட்டுனா அது வேற கேம்." இந்தப் பேச்சு அவனுடையது மட்டுமல்ல. மாட் போடாமல் ஆடுகிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் இதைச் சொல்வார்கள். பதில் சொல்லவேண்டும் என்றுதான் தேடத் தொடங்கினேன். வேலைசெய்யும் குடிமக்கள் இந்தக் கேமுக்குள் எப்போது, எந்த வழியாக வந்தார்கள்?

முதலில் போனது மாட்களின் பக்கம். மைன்கிராஃப்டின் மூலப் பதிப்பு ஜாவா என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. வெளியிடும்போது நிரலில் உள்ள பெயர்களையெல்லாம் குலைத்து, வெறும் எழுத்துகளாக மாற்றித்தான் வெளியிட்டார்கள். அதைப் பிரித்து, எது எதுவென்று கண்டுபிடித்து, மீண்டும் பெயர் சூட்டி வைக்க ஆர்வலர்கள் சிலர் ஒரு கருவித் தொகுப்பை உருவாக்கினார்கள். அதை எம்சிபி என்பார்கள். 2011-இல் அதன்மேல் ஃபோர்ஜ் வந்தது. அதுவரை ஒரு மாட் தொட்ட கோப்பை இன்னொரு மாட்டும் தொட்டால் இரண்டும் மோதிக்கொள்ளும். ஃபோர்ஜ் நடுவில் நின்று எல்லோருக்கும் பொதுவான கொக்கிகளைக் கொடுத்தது. ஒரே உலகத்தில் நூறு மாட் ஓடுவது அதனால்தான். கேமை உருவாக்கிய மொஜாங் நிறுவனம் அதிகாரபூர்வமான வழி ஒன்றைத் தருவதாகச் சொன்னது. அதற்காக 2012-இல் பக்கிட் என்ற சர்வர் மென்பொருளை எழுதியவர்களை வேலைக்கும் எடுத்தது. ஜாவா பதிப்புக்கு அந்த வழி வரவே இல்லை. நிரலின் உண்மைப் பெயர்களை அவர்களே வெளியிட 2019 ஆனது.

ஃபோர்ஜ் வந்த அதே 2011-இல் வெளியான மிலெனேர் என்ற மாட்தான் அடுத்துக் கண்ணில் பட்டது. கி.பி. பதினோராம் நூற்றாண்டுக் கிராமங்களைக் கேமுக்குள் கொண்டுவந்த மாட் இது. நார்மன் கிராமம், மாயன் கிராமம், ஜப்பானியக் கிராமம், பைசாந்தியக் கிராமம், கூடவே இந்தியக் கிராமம். இந்தியக் கிராமத்தில் நெல்லும் மஞ்சளும் விளையும், ஈரமண் செங்கல்லை வெயிலில் காயவைப்பார்கள், ரசகுல்லாகூட உண்டு. பதினோராம் நூற்றாண்டில் ரசகுல்லாவா என்று கேட்கக் கூடாது. கவனிக்க வேண்டியது வேறு. இந்தக் கிராமத்தை நீங்கள் கட்ட வேண்டியதில்லை. மரமும் கல்லும் கொண்டுவந்து விற்றால் போதும், ஊர்க்காரர்களே அடுத்த வீட்டைக் கட்டிக்கொள்வார்கள். மைன்காலனீஸின் மூதாதை இதுதான் என்று நான் முடிவு கட்டியே விட்டேன்.

ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் மைன்கிராஃப்டே தன் பங்குக்குக் கிராமம் ஒன்றைக் கொடுத்திருந்தது. பீட்டா 1.8 என்ற பதிப்பு. வீடு, கிணறு, வயல், வழித்தடம் எல்லாம் இருந்தன, ஆள் இல்லை. நவம்பர் 18-ஆம் தேதி லாஸ் வேகாஸில் நடந்த விழாவில் 1.0 பதிப்பு வெளியானபோதுதான் அந்த வீடுகளுக்குள் ஆட்கள் குடிவந்தார்கள். வந்தவர்களும் நடந்தார்கள், நின்றார்கள்; அடுத்த ஆண்டு பெருகினார்கள், வியாபாரம் பழகினார்கள். இன்றுவரை ஒரு சுவர் எழுப்பியதில்லை. முதலில் ஊர், அப்புறம் ஆள், கட்டும் வேலை என்பது ஒருபோதும் இல்லை. இந்த வரிசை எனக்கு விசித்திரமாகப் பட்டது. எதையோ மறந்துபோனவர்கள் செய்த ஊர் மாதிரி இருந்தது.

இன்னும் பின்னால் போக வேண்டியிருந்தது. மைன்கிராஃப்டை உருவாக்கிய மார்கஸ் பெர்சன், 2009-இன் பிற்பகுதியில் கேம் எப்படிப் பிறந்தது என்று தானே எழுதி வைத்திருக்கிறார். அதில் வரும் பெயர் ரூபிடங். வேலைக்குப் போய்க்கொண்டே ஓய்வு நேரத்தில் அவர் எழுதிக்கொண்டிருந்த கேம். மேலிருந்து பார்க்கும் கோணம். தளம் ஒன்றைக் கட்டியெழுப்பி ஆட்களை வைத்து நடத்துவதுதான் ஆட்டம். ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ், டஞ்சன் கீப்பர், ரோலர்கோஸ்டர் டைகூன் ஆகிய மூன்றும் தன்னைப் பாதித்தவை என்கிறார்.

மூன்றில் ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் என்ற அண்ணன் தம்பி 2006-இல் முதல் பதிப்பை வெளியிட்டார்கள். படமே கிடையாது, குள்ளர், மரம், பாறை எல்லாமே எழுத்தும் குறியும். படங்களோடு ஸ்டீமில் விற்பனைக்கு வர 2022 டிசம்பர் வரை ஆனது. அதற்குப் பத்தாண்டு முன்பே நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தான் சேகரித்த முதல் கேம்களில் இதையும் சேர்த்துக்கொண்டது. இதில் எந்தக் குள்ளரையும் நீங்கள் நகர்த்த முடியாது. இங்கே தோண்ட வேண்டும் என்று குறித்து வைக்கலாம். அந்த வேலை தெரிந்த குள்ளருக்குப் பசி, தூக்கம், குடி, துக்கம் எல்லாம் தீர்ந்து மனமிருந்தால் தோண்டுவார். என் ஊர்க் கொத்தனாரின் குணம் முழுக்க இங்கே இருக்கிறது. இதைப் படித்தபோது மிலெனேரைப் பற்றிய என் முடிவைத் தூக்கிப் போட்டேன்.

அங்கிருந்து என் தேடல் சிம்சிட்டி என்ற நகரம் கட்டும் கேமுக்கும் கிளை பிரிந்தது. 1989-இல் வில் ரைட் கொண்டுவந்தது. குண்டு போடும் கேம் ஒன்றுக்காகத் தீவுகள் வரைந்துகொண்டிருந்தவருக்குக் குண்டு போடுவதைவிடத் தீவு கட்டுவது பிடித்துப்போயிற்று. எம்ஐடி பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1969-இல் நகரங்களின் வளர்ச்சி தேய்வுகளைச் சமன்பாடுகளாக எழுதிய நூலையும் படித்தார். சுவையான கிளைதான். ஆனால் முதல் சிம்சிட்டியில் ஆள் இல்லை, மக்கள்தொகை இருக்கிறது. சமையல்காரரிடம் கரி தீர்ந்துபோவது அந்தக் கணக்கில் வராது. திரும்பிவிட்டேன்.

பெர்சனின் ரூபிடங் முடியாமலே ஏன் நின்றது? 2009 ஏப்ரல் இறுதியில் சக்கரி பார்த் என்பவர் இன்ஃபினிமைனர் என்ற கேமை வெளியிட்டார். உலகம் முழுக்கச் சதுரப் பிளாக்குகள்; இரண்டு அணிகள் போட்டி போட்டுக்கொண்டு கனிமம் வெட்ட வேண்டும். ஆடியவர்கள் போட்டியை விட்டுவிட்டு வீடு கட்டத் தொடங்கினார்கள். பார்த் தன் நிரலின் பெயர்களைக் குலைக்காமல் வெளியிட்டிருந்தார். அதைப் பிரித்தெடுத்து ஆளுக்கொரு திருத்தத்தோடு பதிப்புகள் கிளம்பின. ஒருவர் பதிப்பு இன்னொருவர் சர்வரோடு பேசாது. வெளியாகி ஒரு மாதம் ஆவதற்குள் பார்த் கைவிட்டார். மாட்களால் செத்த கேம் அது. பூட்டிவைத்த மைன்கிராஃப்டோ மாட்களால்தான் இத்தனை காலம் வாழ்கிறது. பெயரைக் குலைத்ததற்காக மொஜாங்கைத் திட்டிக்கொண்டிருந்த எனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் வாய் அடைத்துப்போனது.

இன்ஃபினிமைனரைப் பார்த்த பெர்சன், தான் செய்ய நினைத்த கேம் இந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். மேலிருந்து பார்க்கும் கண் கீழே இறங்கி ஒரே ஆளின் முகத்தில் பொருந்தியது. தளம் நடத்தும் ஆட்டம் போனது, வேலையாட்களும் போனார்கள். வெட்டுவது, சுமப்பது, கட்டுவது மூன்றும் ஆடுகிறவர் தலையில் விழுந்தன. என் அக்கா மகன் சொல்லும் மைன்கிராஃப்ட் அந்த வாரங்களில் பிறந்ததுதான்.

இதற்கு ஆதாரம் வெளியே எங்கும் தேட வேண்டியதில்லை, என் கணினியிலேயே இருந்தது. கேமின் லாஞ்சரில் பழைய பதிப்புகளையும் காட்டச் சொல்லலாம். பட்டியலின் அடிமட்டம்வரை உருட்டினால் ஆர்டி என்று தொடங்கும் பெயர்கள் வருகின்றன. ரூபிடங்கின் சுருக்கம். ஆர்டி-132211 என்றால் மே 13, இரவு 10 மணி 11 நிமிடம். இயக்கிப் பார்த்தேன். புல், கல், இரண்டே வகைப் பிளாக். வானம், தரை, நான். வேறு யாரும் இல்லை.

அடுத்த பதிப்பு ஆர்டி-132328. அதே இரவு, 11 மணி 28 நிமிடம். திறந்ததும் திடுக்கிட்டேன். நீலச் சட்டை போட்ட ஆட்கள் தரை முழுக்கக் கைகளை வீசிக்கொண்டு ஓடுகிறார்கள், குதிக்கிறார்கள், முட்டித் திரும்பி மறுபடி ஓடுகிறார்கள். பன்றி, கோழி, ஜாம்பி எதுவும் பிறக்கவில்லை. கோடாலி இல்லை, மரமும் இல்லை. ஒன்றேகால் மணி நேரத்தில் இந்த உலகத்துக்குள் பெர்சன் முதலில் சேர்த்தது மனிதர்களை. செய்ய வேலை எதுவும் கொடுக்கவில்லை. பிறகு வந்த பதிப்புகளில் அவர்களே இல்லாமல் போனார்கள்.

இதை அக்கா மகனிடம் காட்டினேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "சரி, ஆள் இருந்தாங்க. அப்ப நீங்க யாரு மாமா, முதலாளியா?" என்றான். அதற்கும் பெர்சனின் குறிப்பில் பதில் இருக்கிறது. 1997-இல் வந்த டஞ்சன் கீப்பரில், தோண்ட வேண்டிய மண்ணைக் குறித்து வைத்தால் குட்டிச்சாத்தான்கள் வந்து தோண்டும். வேண்டுமென்றால் ஒரு மந்திரம் போட்டு அவற்றில் ஒன்றின் உடம்புக்குள் புகுந்து அதன் கண்ணால் பார்க்கலாம். ரூபிடங்கிலும் அதைப்போல வேலையாளின் பின்னால் சென்று அவன் பார்வையில் காட்டும் ஏற்பாட்டை அவர் முயன்று பார்த்து, படம் சிதறிச் சிதறித் தெரிந்ததால் கைவிட்டிருக்கிறார். இன்ஃபினிமைனரைக் கண்டபின் அதே பார்வை திரும்பி வந்தது. ஆக, மைன்கிராஃப்டில் நாம் பார்ப்பது வேலையாளின் கண் வழியாகத்தான். முதலாளிக்கு அங்கே எப்போதுமே உடம்பு கிடையாது. அக்கா மகன் கொஞ்ச நேரம் யோசித்தான். திரையின் ஓரத்தில் கொத்தனாரின் சீட்டு வந்து நின்றது: வழவழப்பான கல், 64. கிடங்கில் இருப்பு இல்லை. "போங்க மாமா, கூப்பிடுறாங்க" என்றான்.