ஒன்பதாவது தடை

முதுகுவலிக்கு எந்த ஆசனம் நல்லது என்று கேட்கத்தான் மாஷிடம் போனேன். திருப்பூணித்துறை சம்ஸ்கிருதக் கல்லூரியில் படித்தவர், எங்கள் பக்கத்துத் தெரு. பதிலுக்குப் பதஞ்சலியின் யோக சூத்திரத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். 195 சூத்திரங்களில் ஆசனத்துக்கென்று இருப்பவை மூன்றுதான். அசையாமல் சுகமாக உட்கார் என்பதோடு சரி. ஆயிரம் ஆண்டுகள் கழித்து, 15ஆம் நூற்றாண்டில் வந்த ஹடயோகப் பிரதீபிகையே 15 ஆசனங்களைத்தான் விவரிக்கிறது. முதுகை வைத்தியரிடம் விட்டுவிட்டு, புத்தகத்துக்காக மாஷ் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன்.

பதஞ்சலிக்கும் முந்தியவற்றிலிருந்து தொடங்கினார். கட உபநிடதத்தில் எமன் நசிகேதனுக்குச் சொல்லும் யோகம், புலன்களை ஆடாமல் பிடித்து நிறுத்துவது. சுவேதாசுவதரம் உட்காரும் இடத்தையும் சொல்கிறது: சமதரை, பரல்கல் கூடாது, காற்றடிக்கக் கூடாது, கண்ணை உறுத்தக் கூடாது. (விருச்சிக உற்சவத்தின் எட்டு நாளும் பூர்ணத்ரயீசர் கோயில் செண்டைமேளம் வாசல்வரை வரும் தெருவில் குடியிருப்பவன் இதைப் படித்துச் சிரிக்கத்தான் முடியும்.) மைத்ரி உபநிடதத்தில் ஆறாக இருந்த யோக அங்கங்கள் பதஞ்சலியில் எட்டாகின்றன. நம் திருமூலரும் மூன்றாம் தந்திரத்தில் எட்டைத்தான் பாடுகிறார்.

யோக சூத்திரத்தின் உரையான யோக பாஷ்யத்துக்குச் சங்கரர் பேரில் ஒரு விவரணம் உண்டு. 1952இல் சென்னையில் அச்சேறியது. பிரம்மசூத்திர பாஷ்யத்தில் யோக தரிசனத்தை மறுத்த காலடிச் சங்கரர்தானா இதை எழுதினார்? அறிஞர்களிடையே வழக்கு தீரவில்லை. மாஷுக்குச் சந்தேகமே கிடையாது. எனக்கு உண்டு.

என்னை உலுக்கியது பதஞ்சலி நூலின் முதல் பாதத்தில் வரும் 30ஆம் சூத்திரம். நோய், மந்தம், ஐயம், கவனமின்மை, சோம்பல், ஆசை விடாமை, பிறழ்ந்த பார்வை, எந்த நிலையையும் எட்டாமை, எட்டியதில் நிலைக்காமை என்று ஒன்பது தடைகள். தோற்கப்போகிறவனுக்கும் இடம் ஒதுக்கிவைத்த நூல் என்று அதன்மேல் நம்பிக்கை வந்தது. ஒன்பதாவதைப் படித்தபோது, யாரிடமும் சொல்லாததை மாஷிடம் சொன்னேன். விடியற்காலை உட்கார்ந்து எழும்போது இருக்கும் அமைதி, காப்பி ஆறியிருந்தால் போய்விடுகிறது. வீட்டில் கத்துகிறேன். அலுவலகத்திலோ, தியானம் செய்பவன் என்ற பேரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

"என் தடை ஒன்பதாவதுதான் மாஷே."

"எட்டாவதை எப்போ தாண்டினீங்க?" என்று கேட்டுவிட்டு, அடுத்த சூத்திரத்துக்குப் போனார்.