இருபத்திரண்டு பல்

துரைசாமி சப்வேயில் இறங்குவதற்கு ஒரு திறமையும் வேண்டாம். ஏறும்போதுதான் மனுஷனின் யோக்யதை தெரியும்.

காலை ஒன்பது மணிக்கு மேற்கு மாம்பலத்திலிருந்து தி.நகர் ஆபீஸுக்கு சைக்கிளில் கிளம்புவேன். சப்வேக்குள் சர்ரென்று இறங்கும்போது ராஜா மாதிரி இருக்கும். எதிர் மேட்டில் பாதி தூரம் போனதும் ராஜ்யம் பறிபோய்விடும். உட்கார்ந்து மிதித்து, நின்று மிதித்து, கடைசியில் பெடல் மேல் மொத்த உடம்பையும் ஏற்றி வைத்தாலும் வண்டி நகராது. பின்னால் வரும் ஆட்டோக்காரர் ஹாரனிலேயே என் பரம்பரையை விசாரிப்பார். இறங்கித் தள்ளுவேன். அம்மாவின் ஸ்கூட்டரில் போகிற எல்.கே.ஜி. குழந்தைகூட என்னைப் பரிதாபமாகத் திரும்பிப் பார்க்கும்.

சைக்கிள் அப்பாவுடையது. 1984-ல் வாங்கிய ஹெர்குலிஸ். கறுப்பு, 28 இன்ச் சக்கரம், ராடு பிரேக், முழு செயின் கவர், கேரியர். டைனமோ மட்டும் எந்தக் காலத்திலோ காணாமல் போய்விட்டது. தி.நகரில் ஒரு துணிக்கடையில் அப்பா கணக்கு எழுதினார். கேரியரில் சாப்பாட்டு டப்பாவை வைத்துக்கொண்டு, முப்பது வருஷம் இதே சப்வே, இதே சைக்கிள். அவர் போய் இரண்டு வருஷமாகிறது. டாக்டர் என்னைப் பார்த்து, "சுகர் பார்டர்ல நிக்குது, உடம்பை அசைங்க" என்றதும்தான் மாடிப்படிக்கு அடியில் கிடந்த வண்டியைத் துடைத்து வெளியே எடுத்தேன்.

அப்பா ஐம்பத்தைந்து வயதில் மிதித்த மேட்டை என்னால் முப்பத்தாறு வயதில் மிதிக்க முடியவில்லை. முட்டிவலியைவிட இதுதான் ரொம்பக் குத்தியது.

"முட்டி தேயறதுக்குள்ள ஒரு கியர் சைக்கிள் வாங்கித் தொலைங்க" என்றாள் மனைவி. போனேன்.

கடைப் பையன், "21 கியர் சார்! முன்னால 3, பின்னால 7. டிஸ்க் பிரேக், முன்னால ஷாக் அப்சார்பர், 18 ஆயிரம்தான்" என்றான்.

"கேரியர்?"

"வராது சார்."

"மட்கார்டு?"

"எக்ஸ்ட்ரா."

"ஸ்டாண்டாவது...?"

அதுவும் எக்ஸ்ட்ராவாம். 18 ஆயிரம் கொடுத்து வாங்கி சுவரில் சாத்தி வைக்க வேண்டும். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி நழுவினேன்.

பி.காம். படித்தவன் செலவு பண்ணுவதற்கு முன் நோட்டில் கோடு போடுவான். போட்டேன். அப்பா சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18. பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றும். வண்டி ஐந்தரை மீட்டர் போகும். சமதரையில் ஜோர். மேட்டில் முட்டி வட்டி கட்டும். கடையில் பார்த்ததில் ஆகச் சின்ன கியரில் முன்னால் 28, பின்னாலும் 28. ஒரு மிதிக்கு இரண்டே மீட்டர். நடக்கிற மாதிரியே ஏறிவிடலாம். அது சரி, மீதி இருபது கியரை என்ன பண்ணுவது? அதிலும் பாதி ஒன்றுக்கொன்று ஒட்டிப் பிறந்த இரட்டைகள். என் வழியில் இருப்பது ஒரே ஒரு சப்வே. சட்டைக்கு ஒரு பட்டன் தைக்க யாராவது தையல் மிஷின் வாங்குவார்களா, நீங்களே சொல்லுங்கள்.

சரி, இருக்கிற வண்டியிலேயே கியர் போட்டால்? சப்வே ஏறியதும் மாம்பலம் பக்கம் ஒரு பழைய சைக்கிள் கடை. கடைக்கார அண்ணன் எனக்கு குரங்கு பெடல் காலத்திலிருந்து பழக்கம்.

"போடலாம் தம்பி. பின்சக்கரத்தை மாத்தணும், ஃபோர்க்கை விரிக்கணும், செயினை மாத்தணும், செயின் கவரைத் தூக்கிப் போடணும். அப்பால மிச்சம் இருக்கப் போறது உங்கப்பா சீட்டு ஒண்ணுதான்!"

"வேற வழி?"

"பின்னால 18 பல்லை எடுத்துட்டு 22 பல் ப்ரீவீல் போட்டுர்றேன். செயின்ல ஒரு கண்ணி சேக்கணும். எல்லாம் சேத்து நானூறு ரூபா."

மனசுக்குள் வகுத்தேன். ஒரு மிதிக்கு சரியாக இரண்டு சுற்று. நாலரை மீட்டர். ரிப்பேர் கணக்கில் எழுதிவிட்டுப் போகலாம், முதலீடு என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஏதோ உறுத்தியது.

"அப்பா 18 பல்லுலயே முப்பது வருஷம் ஏறினாரேண்ணே..."

அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"யாரு, உங்கப்பாவா? சப்வே மேடு வந்தா எறங்கிடுவாரு தம்பி! தள்ளிக்கினே வந்து, தோ இங்க ஒரு நிமிசம் நின்னு, வேர்வையைத் தொடச்சிக்கினு அப்பால ஏறிப் போவாரு. 22 போட்டுக்க சார்னு எத்தினியோ வாட்டி சொல்லியிருக்கேன். 'இருக்கட்டும்ப்பா, இப்படியாவது கொஞ்சம் நடக்கறேன்'னுட்டாரு."

முப்பது வருஷத்தில் அப்பா இதை வீட்டில் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் மட்டும் என்னவாம்? முட்டிவலி என்றுதான் மனைவியிடம் சொல்லியிருந்தேனே தவிர, இறங்கித் தள்ளுவதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

"போடுங்கண்ணே" என்றேன்.

எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். சமதரையில் இப்போது கால்கள்தான் தையல் மிஷின் ஓட்டுகின்றன. வேகம் என்னவோ குறைச்சல்தான், பாண்டி பஜாரில் டியூஷன் பிள்ளைகள் என்னைத் தாண்டிப் போகிறார்கள். மழை பெய்தால் ராடு பிரேக் ஸ்டீல் ரிம்மில் வழுக்குகிறது. அதற்கு எந்தப் பல்லும் மருந்தில்லை, அன்றைக்கு பஸ்தான். வீட்டில் விஷயத்தைச் சொன்னதும், "அப்போ பதினேழாயிரத்து அறுநூறு மிச்சம்" என்று என் நோட்டிலேயே மனைவி கோடு போட்டுவிட்டாள். அவள் படித்தது பி.எஸ்ஸி. தாவரவியல்.

முதல் நாள் காலை மூச்சு வாங்கினாலும் இறங்காமல் ஏறிவிட்டேன். சாயங்காலம் திரும்பும்போதும் அப்படித்தான். மேட்டின் உச்சியில், கடை வாசலில் காலை ஊன்றி இறங்கி, கைக்குட்டையை எடுத்தேன்.

"இன்னா தம்பி, ஏறிட்டியா?"

"ஏறிட்டேண்ணே."

"அப்ப இன்னாத்துக்கு எறங்குன?"

"சும்மாதான்" என்று சொல்லி, இரண்டு டீ சொன்னேன்.