சத்ரியாவுக்கு என்ன விலை?

மஸ்ஜித் தானாவுக்கு அந்த புரோட்டோன் சத்ரியா ஜிடிஐயைப் பார்க்கப் போனபோது, விலையைக் குறைக்கும் எண்ணம்தான் எனக்கு. 2005ஆம் ஆண்டோடு நின்றுபோன கார், 1.8 லிட்டர் இன்ஜின், லோட்டஸ் மெருகேற்றிய ஓட்டம். சாதா சத்ரியாவுக்கு ஜிடிஐ வேஷம் போட்டு விற்பவர்களும் உண்டு. அதனால் கிராண்டில் உள்ள இன்ஜின், சேசிஸ் எண்களை டார்ச் அடித்து ஒப்பிட்டேன். அசல்!

“18,000 வெள்ளி கொடு தம்பி,” என்றார் அங்கிள். மகன் ஓட்டிய கார். மகன் இப்போது சிங்கப்பூரில். சந்தை விலை அவருக்குத் தெரியவில்லை. கூட வந்த நண்பன் என் காலை மிதித்தான். சற்று நேரம் நானும் வாயைத் திறக்கவில்லை என்பதை மறைப்பானேன்?

“அங்கிள், இது அதைவிடக் கூட போகும்,” என்றேன். ஆனால் அடித்தட்டில் துரு. போமென் சொன்ன வெல்டிங் செலவைக் கழித்தோம். 23,000 வெள்ளிக்கு முடிந்தது.

புஸ்பாகோம் சோதனைக்கு அவரே ஓட்டி வந்தார். சாவியை உடனே கொடுக்க மனம் வரவில்லை அவருக்கு.