வண்டூரிலிருந்து ஒரு படம் புறப்படும்போது

வண்டூர்ப் படகுத்துறையில் காலையில் பயணிகளின் பைகளைச் சோதித்த பிறகே படகில் ஏற்றுவார்கள். ஜாலி பாய் தீவுக்கு நெகிழிப் பொருள்களைக் கொண்டுசெல்ல அனுமதியில்லை. 1983இல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்கு இந்தத் துறைதான் வாசல். வறண்ட மாதங்களில் ஜாலி பாய்க்கும், மழை மாதங்களில் ரெட்ஸ்கின் தீவுக்கும் இங்கிருந்து படகுகள் செல்கின்றன. ஏறுபவர் ஒவ்வொருவர் கையிலும் கேமரா உண்டு. மாலையில் படகு திரும்பும்போது நூற்றுக்கணக்கான காணொளிகள் கரையேறுகின்றன. ஓரிரு நாளில் அவை விமானம் ஏறித் தீவை விட்டு நீங்கிவிடுகின்றன.

வண்டூரைப் படமெடுத்துச் செல்பவர்களுக்குக் குறைவில்லை. வண்டூரிலேயே வாழ்ந்துகொண்டு படமெடுக்கும் ஓர் இளைஞருக்கு அதை எங்கே, யாரிடம் காட்டுவது என்பதுதான் தெரிவதில்லை.

தமிழ்த் திரைக்கு அந்தமான் புதிதன்று. 1978இல் சிவாஜி கணேசன் நடித்த ‘அந்தமான் காதலி’ வெளிவந்தது. 1996இல் பிரியதர்ஷன் மலையாளத்தில் இயக்கிய ‘காலாபாணி’, ‘சிறைச்சாலை’ என்ற பெயரில் தமிழுக்கு வந்தது. முதல் படத்துக்குத் தீவு ஒரு காதல் கதையின் நிலக்காட்சி. இரண்டாவதற்கு விடுதலைப் போராட்டத்தின் சிறைக்கூடம். இரண்டிலும் கேமரா வெளியிலிருந்து வந்து வேலை முடிந்ததும் திரும்பிச் சென்றது. வங்காளம், தமிழ், தெலுங்கு, மலையாளம் பேசும் குடும்பங்கள் இந்தியைப் பொதுமொழியாகக் கொண்டு அருகருகே வாழும் இன்றைய தீவு, திரைக்கு இன்னும் அறிமுகமாகவில்லை.

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்க்கலாம். வண்டூரில் வளர்ந்து, தலைநகரில் உள்ள கல்லூரிக்குப் பேருந்தில் சென்றுவரும் ஒரு மாணவி கைப்பேசியில் 14 நிமிடப் படம் ஒன்றை எடுக்கிறார் என்று கொள்ளலாம். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தென் அந்தமான் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் போன்ற இடங்களில் நெல்வயல்களுக்குள் புகுந்த உப்புநீர் திரும்பவே இல்லை. அப்படி ஒரு வயலை இழந்த தம் பாட்டி, சாலையோரம் நின்று, வரப்பு எங்கே இருந்தது என்று தண்ணீரைச் சுட்டிக் காட்டுவதுதான் படம். பாட்டி தமிழில் பேசுகிறார். அண்டை வீட்டார் வங்காளத்தில் பதில் சொல்கிறார்கள். இடையே இருவரும் இந்திக்கு மாறுகிறார்கள். திரைப்பட விழாவின் விண்ணப்பப் படிவமோ ‘படத்தின் மொழி’ என்று ஒரே ஒரு கட்டத்தைத் தருகிறது. முதல் தடை அந்தக் கட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு தடை இன்னும் எளிமையானதாக இருந்தது. தீவின் இணையம் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. பெரிய கோப்பு ஒன்றைப் பதிவேற்றுவதே பெரும்பாடு. படத்தை வட்டிலோ பென்டிரைவிலோ ஏற்றிச் சென்னைக்குச் செல்பவரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். கப்பலில் என்றால் மூன்று நாள். 2020 ஆகஸ்ட் 10இல் சென்னையையும் தீவுகளையும் இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கண்ணாடியிழை வடம் பயன்பாட்டுக்கு வந்தது. அதன்பின் தொலைவு ஒரு தடையாக இருக்காது என்று பலரும் நம்பினார்கள். கோப்பு இப்போது விரைவாகச் செல்கிறது. எங்கே அனுப்புவது, என்ன எழுதி அனுப்புவது, மறுமொழி வராதபோது எதைத் திருத்துவது என்பவற்றை வடம் சொல்லித் தராது.

தமிழ்நாட்டில் இதற்கு விடையாக அமைந்த முயற்சி ஒன்று எல்லோருக்கும் தெரிந்ததே. 2009இல் கலைஞர் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘நாளைய இயக்குனர்’ நிகழ்ச்சியிலிருந்து கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் முதலியோர் திரைக்கு வந்தார்கள். 2012இல் ‘பீட்சா’, ‘காதலில் சொதப்புவது எப்படி’, 2013இல் ‘சூது கவ்வும்’ எனப் படங்கள் தொடர்ந்தன. பரிசு மட்டும் இதைச் சாதித்திருக்க முடியாது. ஒரு படத்தோடு நில்லாமல் அடுத்தடுத்து எடுக்க வேண்டியிருந்தது. அனுபவமுள்ளவர்கள் எல்லோர் முன்னிலையிலும் குறைகளைச் சொன்னார்கள். உடன் போட்டியிட்டவர்களின் படங்களையும் பார்க்க முடிந்தது. ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், நடிகர் என ஒரு குழு கூடவே வளர்ந்தது. ஆனால் அந்த வாசல் சென்னையில் இருந்தது; தொலைக்காட்சிக்கு ஏற்ற கதைப்படங்களுக்கே அது பெரிதும் திறந்தது. வயலை இழந்த பாட்டியின் ஆவணப்படத்துக்கு வேறு வாசல் தேவை.

அத்தகைய வாசல்களும் உண்டு. மதுரையில் ஆவணப்பட இயக்குநர் அமுதன் ஆர்.பி. 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்திவருகிறார். திருவனந்தபுரத்தில் 2008 முதல் கேரளத்தின் சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழா நடக்கிறது. அசாமின் தேஜ்பூரில் ரீட்டா பானர்ஜி தொடங்கிய ‘கிரீன் ஹப்’, வடகிழக்கு இளைஞர்களுக்கு இயற்கை சார்ந்த காணொளிப் பயிற்சியை அவர்கள் வாழும் நிலத்திலேயே தருகிறது. தீவுகளுக்கு மிக அருகில் வரும் முன்மாதிரி இதுவே.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் கேரளத்தின் ‘ஒடேசா’ இயக்கம் இருக்கிறது. ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் மக்களிடம் சிறு தொகைகளைத் திரட்டி 1986இல் ‘அம்ம அறியான்’ படத்தை எடுத்தார்கள். ஊர் ஊராகத் திரையிட்டார்கள். பார்வையாளரைத் தேடிப் படம் சென்றது. அன்று படக்கருவியையும் பிலிம் சுருள்களையும் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. இன்று ஒரு மடிக்கணினியும் சிறு புரொஜெக்டரும் போதும்.

சரியான பார்வையாளரைச் சென்றடையும் படம் என்ன செய்யும் என்பதற்கு மைக் பாண்டேயின் ‘ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்’ சான்று. குஜராத் கரையில் திமிங்கலச் சுறா வேட்டையாடப்படுவதைக் காட்டிய அந்த ஆவணப்படம் வெளியான பின், 2001இல் அந்த மீன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. படம் அலமாரியில் கிடந்திருந்தால் அதற்கு அந்த வலு வாய்த்திருக்காது.

வழிகாட்ட யாரும் இல்லாத இளைஞர் செய்யும் பிழைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆர்வ மிகுதியில் படத்தை முதலிலேயே யூடியூபில் வெளியிட்டுவிடுகிறார். பிறகு, பொதுவெளியில் வந்த படங்களை ஏற்காத விழாக்களின் கதவு மூடிவிடுகிறது. பின்னணியில் திரைப்படப் பாடல் ஒன்றைச் சேர்க்கிறார். உரிமைச் சிக்கலால் படமே முடங்குகிறது. ஆங்கிலத் துணைவரி இல்லாமல் அனுப்புகிறார். நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு மாதந்தோறும் சான்றிதழ் வழங்கும், திரையரங்கே இல்லாத ‘சர்வதேச விழாக்களில்’ சேமிப்பைச் செலவழிக்கிறார். சுவரொட்டியில் விருது இலச்சினைகள் நிறைகின்றன; படத்தையோ ஒருவரும் பார்த்திருப்பதில்லை.

அந்தமானுக்கே உரிய ஆபத்து ஒன்றும் உண்டு. தீவு என்றதும் வெளியுலகம் கேட்பது பழங்குடிகளையும் பவளப்பாறைகளையும் சிறைச்சாலையையும்தான். 2012இல் ஜாரவா பெண்களை ஆடவைத்து எடுத்த காணொளி வெளியானபோது நாடே தலைகுனிந்தது. பழங்குடிகளைக் காக்கும் 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறை அதே ஆண்டு திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாயின. தேசியப் பூங்காவுக்குள் படமெடுக்கவும் வனத்துறையின் அனுமதி வேண்டும். ‘வாய்ப்பு’ என்ற சொல் ஓர் இளைஞரை எந்தப் பக்கம் தள்ளும் என்பதை வழிகாட்டுபவர் அறிந்திருக்க வேண்டும். பாட்டியின் வயல் போதுமான கதைதான் என்று சொல்ல ஒருவர் உடன் இருப்பது, அவருக்கு விழாப் பட்டியல் ஒன்றை அனுப்புவதைவிடப் பெரிய உதவி.

அந்த ஒருவராகக் கல்விப்புலத்தார் இருக்க முடியும். வடக்கு வண்டூரில் அந்தமான் நிகோபார் சூழல் குழுவின் களநிலையம் பல ஆண்டுகளாக இயங்கிவருகிறது. கடலையும் காட்டையும் ஆராய வருபவர்களுக்கு உள்ளூர் இளைஞர்களே படகோட்டியாகவும் வழித்துணையாகவும் இருக்கிறார்கள். ஆய்வேட்டின் நன்றியுரையில் அவர்களுக்கு ஒரு வரி கிடைக்கிறது. ஆய்வாளரிடம் ஆங்கிலம் உண்டு. விண்ணப்பம் எழுதிய பழக்கம் உண்டு. துறையில் ஒரு கருத்தரங்க அறையும் புரொஜெக்டரும் உண்டு. 14 நிமிடப் படத்துக்குத் துணைவரி எழுத இரண்டு மாலைப்பொழுதுகள் போதும். நூறு சொல்லில் கதைச்சுருக்கம் எழுத ஒரு மணி நேரம். கட்டணமில்லாத மாணவர் பிரிவுகளையும் கடைசித் தேதிகளையும் தேடித்தர இன்னொரு மணி நேரம். பேரிடர், இடப்பெயர்வு, சூழலியல் குறித்த பாடம் நடக்கும் வகுப்பில் அந்தப் படத்தைத் திரையிட்டு, இயக்கியவரைக் காணொளி அழைப்பில் பேசவைத்தால், அது அவருடைய முதல் பார்வையாளர் கூட்டம். மாணவர்கள் கேட்கும் கேள்விகளிலிருந்து அடுத்த படம் பிறக்கும்.

அதற்கும் முன்பு ஒரு திரையிடல் வண்டூரிலேயே நடக்க வேண்டும். ஒரு வீட்டு முற்றத்தில், வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டி, மின்சாரம் நின்றால் மீண்டும் வரும்வரை காத்திருந்து நடத்தும் திரையிடலாக அது இருக்கலாம். வரப்பு அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம்தான் இருந்தது என்று பாட்டியைத் திருத்த அண்டை வீட்டார் அங்கே இருப்பார்கள். அந்தத் திருத்தத்தைச் சொல்ல வேறெந்த விழாவின் நடுவராலும் இயலாது. அதைக் கேட்டுக்கொண்டு படத்தை மறுபடி தொகுத்த பிறகு விண்ணப்பப் படிவத்தைத் திறக்கலாம். மொழி என்ற கட்டத்தில் தமிழ், வங்காளம், இந்தி என மூன்றையும் எழுதலாம். இடம் போதாவிட்டால், விழாக் குழுவுக்கு அதை விளக்கி ஒரு கடிதம் எழுதித்தர ஆய்வாளர் ஒருவர் முன்வரலாம்.