சொல்லாமற் சுமந்த சிலுவை

எங்கள் இல்லத்தில் இரவு எட்டு மணிக்குக் குடும்பச் செபமாலை தவறுவதில்லை. முன்னின்று சொல்பவர் எம் கணவர். சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒரு நாள், ஒரு தேவ இரகசியத்திற்குப் பதின்மூன்று அருள் நிறைந்த மந்திரங்கள் சொன்னார். மறுநாள் எட்டோடு நிறுத்திவிட்டார். அசதி என்றெண்ணிச் சிரித்தோம். அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு வந்தவரின் ஒரு காலில் மட்டுமே செருப்பு இருந்தது. மற்றொன்று வழியில் கழன்றதை அவர் பாதம் உணரவேயில்லை.

அன்றுதான் உண்மை வெளிவந்தது. விரல் நுனிகளில் உணர்வு குறைந்து, மணிகள் நழுவுவது அவருக்குத் தெரியவில்லை. பாதங்களில் எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பு. இரவில் ஊசி குத்துவது போன்ற வலி. விடியும்போது மரத்துப்போன கால்கள். மூன்று மாதங்களாக இதை ஒருவரிடமும் அவர் சொல்லவில்லை.

அவருக்கு நாட்பட்ட இரத்தப் புற்றுநோய் இருப்பது ஆறு ஆண்டுகளுக்கு முன் தெரிந்தது. 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் தம் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்வதால் வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் வகை அது. அம்மாற்றத்தின் அடையாளத்தை 1960-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஆய்வாளர் இருவர் கண்டறிந்தனர். 2001-ல் இமாட்டினிப் மாத்திரை புழக்கத்திற்கு வந்த பின், நாள்தோறும் அதை உண்டு நெடுங்காலம் வாழ்வோர் பலர். எம் கணவரும் அவ்வாறே வேலைக்குச் சென்று வந்தார்.

குறுகுறுப்பு தொடங்கியதும், புற்றுநோய் நரம்பைப் பற்றிவிட்டதோ என்று அஞ்சினார். பின் மாத்திரையே காரணமென ஐயுற்றார். எங்கள் மகள் தலைப்பிரசவத்திற்கு வந்திருந்த நேரம் அது. “பிள்ளை பிறக்கும் வரை வீட்டில் கண்ணீர் வேண்டாமென்று, எல்லாவற்றையும் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டேன்” என்றார். அத்தோடு அவர் சொன்ன மற்றொன்றைக் கேட்டு எங்கள் நெஞ்சு நடுங்கியது. பதினெட்டு நாட்களாக அவர் மாத்திரையை உண்ணவில்லை.

மறுநாளே மருத்துவரிடம் சென்றோம். அவர் இசைக்கவையை அதிரவைத்துக் கணுக்காலில் வைத்தார். சிறு சுத்தியலால் முழங்காலைத் தட்டினார். பஞ்சால் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். சர்க்கரை நோய்க்குப் பத்தாண்டுகளாக மெட்பார்மின் உண்பதையும் கேட்டறிந்தார். இரத்தப் பரிசோதனையில் பி12 உயிர்ச்சத்து மிகக் குறைந்திருந்தது. நெடுநாள் உண்ணும் மெட்பார்மின் அச்சத்தைக் குறைக்கக்கூடும் என்றும், சர்க்கரை நோயும் நரம்புகளைக் கெடுக்கும் என்றும் விளக்கினார். புற்றுநோயாளிக்கு வரும் ஒவ்வொரு வேதனையும் புற்றுநோயால் வருவதன்று என்பதை அன்று கற்றுக்கொண்டோம்.

“ஐயா, கால் மரத்ததற்கு மருந்துண்டு. மாத்திரையை எனக்குச் சொல்லாமல் நிறுத்தினீர்களே, அதுதான் ஆபத்து. மாத்திரையால் தொல்லை இருந்தாலும் அளவை மாற்றலாம். வேறு மருந்தும் உண்டு. நீங்கள் சொன்னால்தானே எனக்குத் தெரியும்?” என்றார் மருத்துவர். பி12 ஊசி தொடங்கியது. மாத்திரையும் மீண்டும் தொடங்கியது. மரபணுப் பரிசோதனையின் முடிவு வரும் வரை எங்களுக்கு உறக்கமில்லை. ஆண்டவர் அருளால் நோய் கட்டுக்குள்ளேயே இருந்தது.

துன்பத்தை ஒப்புக்கொடுத்தல் நம் விசுவாசத்தின் செல்வம். ஆயின் ஒப்புக்கொடுத்தல் வேறு. ஒளித்து வைத்தல் வேறு. எரிகோ வழியோரத்தில் கூட்டத்தார் அதட்டியும் பர்த்திமேயு வாய் மூடவில்லை. அவன் பார்வையற்றவன் என்பதை அறிந்திருந்தும், வேண்டுவது யாதென்று ஆண்டவர் அவன் வாயாலேயே சொல்லக் கேட்டார். மருத்துவரும் மருந்தும் ஆண்டவரின் படைப்பே என்று சீராக் நூலின் 38-ஆம் அதிகாரமும் நமக்குக் கற்பிக்கின்றது.

குறுகுறுப்பு இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. நரம்பு மெதுவாகவே தேறும். வீட்டுக்குள்ளும் அவர் செருப்பணிகிறார். வெந்நீரை வேறொருவர் தொட்டுப் பார்த்த பின்னரே குளிக்கிறார். படுக்குமுன் அவர் பாதங்களில் காயம் உண்டா என்று விளக்கொளியில் பார்க்கிறோம். இரவில் எழுந்தால் தடுமாறாதிருக்கச் சிறு விளக்கொன்று எரிகிறது.

செபமாலையும் தொடர்கிறது. பேரன் மடியில் உறங்க, எங்கள் மகள் மணிகளை எண்ணுகிறாள். பத்து முடிந்ததும் தந்தையின் தோளைத் தொடுகிறாள். அன்பார்ந்த வாசகர்களே, உங்கள் இல்லத்தில் நோயுற்றவர் மௌனமாயிருந்தால், அதைப் பொறுமை என்று மட்டும் எண்ணி விட்டுவிடாதீர்கள். அருகில் அமர்ந்து கேளுங்கள். சீமோன் தோள் கொடுத்தது போல, சொல்லப்பட்ட சிலுவைக்கே நாமும் தோள் கொடுக்க இயலும்.