புதையல் அம்மாச்சியின் சுருக்குப்பையில்!

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? 'பொன்னியின் செல்வன்' படித்தவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் இந்தக் கேள்வி வராமல் போகாது. 1950 முதல் 1954 வரை வாராவாரம் தொடராக எழுதிய கல்கி, கடைசிவரை பதிலைப் போட்டு உடைக்கவில்லை.

அந்த ஒரு கேள்விக்காகவே காட்டுமன்னார்கோவிலுக்கு பஸ் ஏறும் வாசகர்கள் உண்டு. அங்கே அனந்தீஸ்வரர் கோயில் சுவரில், ராஜராஜன் காலத்து உடையார்குடி கல்வெட்டு இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரின் பெயர்களை அது சொல்கிறது. தூண்டியது யார் என்ற விவாதம் மட்டும் ஓயவில்லை. இன்னொரு ஆச்சர்யம், நாவலின் முதல் காட்சியில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் வீராணம் ஏரியும் அந்த ஊர்ப்பக்கம்தான்!

இங்கிலாந்தில் இதே ஆசை வேறு திசையில் போனது. 1979-ல் கிட் வில்லியம்ஸ் என்ற ஓவியர் 'மாஸ்குரேட்' என்ற படக்கதைப் புத்தகத்தை வெளியிட்டார். படங்களுக்குள் புதிர். விடை கண்டுபிடித்தால், மண்ணில் புதைத்துவைத்த தங்க முயல் கிடைக்கும். மக்கள் மண்வெட்டியோடு கண்ட இடத்தையும் தோண்டினார்கள். 1982-ல் முயலை எடுத்தவர், புதிரை விடுவிக்காமல் உள்தகவலை வைத்தே எடுத்தார் என்பது பிறகு வெளியானது. தங்கம் என்றதும் புதிர் மறந்துவிடுகிறது.

எங்கள் ஊர் போடிநாயக்கனூர். கல்வெட்டு தேடிப் போக எங்களுக்கு ஒரு கல்கி கதை இல்லை. அதனால், பொன்னியின் செல்வன் படம் பார்த்துவிட்டு 'நாமளும் துப்பறியலாம் சித்தி' என்று நச்சரித்த அக்கா மகனுக்காக, போன கோடை விடுமுறையில் நானே மூன்று விடுகதைகள் எழுதினேன்.

முதலாவது: 'பச்சைப் பெட்டிக்குள் கறுப்பு முத்து; தொட்ட கையும் மணக்கும்.' ஏலக்காய் என்று உடனே சொல்லிவிட்டான். ஏலக்காய் ஏலம் நடக்கும் ஊர்ப் பையன் ஆயிற்றே!

இரண்டாவது: 'பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் தூங்கினேன், விசில் சத்தத்தில் எழுந்தேன்.' போனில் தேடினான். 2010 கடைசியில் அகலப்பாதைப் பணிக்காக நின்ற ரயில், 2023 ஜூனில்தான் மறுபடி போடிக்கு வந்தது. விடை, ரயில் நிலையம்.

மூன்றாவது: 'காலில்லாமல் மலையிறங்குவேன், கம்பியைப் பிடித்தபடி, சரக்கைக் கொடுத்துவிட்டு மேலே போவேன்.' இதற்கு மட்டும் போனைத் தொடக் கூடாது என்பது விதி. 'குரங்கணிப் பக்கம் மலையில் போய்த் தேடலாமா?' என்றான். முடியவே முடியாது என்றேன். 2018 மார்ச்சில் அங்கே காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது.

கடைசியில் அம்மாச்சியிடம் போனான். 80 வயதைத் தாண்டியவர். முப்பது வருஷம் விடியற்காலையில் ஜீப்பில் போடிமெட்டு ஏறி, அந்தப் பக்கத் தோட்டங்களில் ஏலக்காய் பறித்தவர். இப்போது நேற்று நடந்தது ஞாபகம் இருப்பதில்லை. விடுகதையைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"அது வின்ச்சுடா! டாப் ஸ்டேஷன்ல இருந்து தேயிலைப் பொட்டி கம்பியில தொங்கிக்கிட்டே கொட்டகுடிக்கு வரும். எங்க தாத்தா அங்க பொட்டி இறக்குன ஆளு."

மூணாறுத் தேயிலை அந்தக் காலத்தில் ரோப்வேயில் இறங்கி, போடி வழியாகத் துறைமுகம் போனது எனக்குத் தெரியும். அதை இறக்கிய கைகளில் எங்கள் வீட்டுக் கையும் ஒன்று என்பது எனக்கும் அன்றுதான் தெரிந்தது. அம்மாவுக்கே தெரியாது. யாரும் கேட்டதில்லை.

புதையலை அம்மாச்சியின் சுருக்குப்பையில்தான் வைத்திருந்தேன், 100 ரூபாய். அதை வாங்கிக்கொண்டும் பையன் எழுந்திருக்கவில்லை. "அப்புறம் அம்மாச்சி?" என்று கேட்டபடி உட்கார்ந்திருந்தான்.

கல்வெட்டு ஆயிரம் வருஷம் காத்திருக்கும். அம்மாச்சியின் ஞாபகம் அவ்வளவு காலம் காத்திருக்காது. இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு விடுகதை எழுதுங்கள். விடை இணையத்தில் இருக்கக் கூடாது, வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் இருக்க வேண்டும். 100 ரூபாய்கூடத் தேவையில்லை, 10 ரூபாய் போதும்.