தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமா?



கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க் மாட்டியிருக்கிறோம், ஆனால் 'மை கம்ப்யூட்டர்' உள்ளே அது தெரியவில்லை. உடனே நாம் என்ன சொல்வோம்? "டிஸ்க் போயிடுச்சு." எங்கள் வீட்டு டிஸ்க்கையும் கடையில் அப்படித்தான் சொன்னார்கள். அது போகவில்லை என்று கண்டுபிடித்த விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அது என் மாமா 2004-ல் வாங்கிய கம்ப்யூட்டரின் டிஸ்க். 80 ஜிபி. சித்திக்கு 2005-ல் நடந்த கல்யாணத்தின் போட்டோக்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. என் ஆயா நான் பிறந்த வருஷமே இறந்துவிட்டார். வீட்டில் ஆயாவின் படம் என்று இருப்பது ரேஷன் கார்டில் ஒட்டிய கறுப்பு முகம் ஒன்றுதான். கல்யாண சி.டி. கீறல் விழுந்து எப்போதோ வீணாகிவிட்டது. அதனால் டிஸ்க்கை விட எங்களுக்கு மனசில்லை.

முதலில் கேபிள் பற்றிச் சொல்கிறேன். அந்தக் காலத்து டிஸ்க்குகள் ஐடிஇ வகை. பின்பக்கம் 40 பின், பட்டையான ரிப்பன் கேபிள். 2003-ல் சாட்டா வந்தது. அதில் 7 பின், மெல்லிய கேபிள். இன்டெல் 2006-ல் வெளியிட்ட டெஸ்க்டாப் சிப்செட்டிலேயே ஐடிஇ-யை எடுத்துவிட்டது. இப்போது எங்கள் வீட்டில் இருக்கும் செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டரில் ஐடிஇ சொருகும் இடமே கிடையாது. பூந்தமல்லியில் ஒரு கடையில் யூஎஸ்பி கன்வெர்ட்டரில் மாட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. "தம்பி, டிஸ்க் போச்சு, தூக்கிப் போடு" என்றார்கள். ஆனால் கரன்ட் கொடுத்தால் டிஸ்க் சுற்றுகிறது. கையில் பிடித்தால் அதிர்வு தெரிகிறது. சுற்றுகிற டிஸ்க்கை எப்படிப் போச்சு என்று நம்புவது?

மாமாவின் பழைய பெட்டியில் ஒரு பிசிஐ கார்டு கிடந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியதாம். ஐடிஇ கேபிள் சொருக அதில் இரண்டு இடம், நடுவில் ஐடி8212 என்ற சிப். எங்கள் கம்ப்யூட்டரில் பிசிஐ ஸ்லாட் ஒன்று காலியாக இருந்தது. மாட்டினோம். விண்டோஸ் 10-ல் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் மஞ்சள் நிறத்தில் ஆச்சரியக்குறி. கார்டு இருக்கிறது, அதை ஓட்டும் டிரைவர் இல்லை என்று அர்த்தம். எக்ஸ்பி காலத்து கார்டு அது. புது விண்டோஸுக்கு டிரைவர் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

அப்போது எங்கள் அக்கா, "பாஸ் லினக்ஸ்ல போட்டுப் பாருடா" என்றாள். பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய இந்திய ஆபரேட்டிங் சிஸ்டம். 2011-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் கொடுத்த கம்ப்யூட்டர்களிலும் அது இருந்தது. பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்தே ஓடவிட்டோம்.

ஒவ்வொரு கார்டுக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று கம்பெனி எண், இன்னொன்று பொருளின் எண். எங்கள் கார்டுக்கு 1283, 8212. ஆபரேட்டிங் சிஸ்டம் இந்த எண்களைக் கேட்டு வாங்கி, தன்னிடமுள்ள டிரைவர்களில் எது இதற்குச் சரி என்று பார்க்கும். ஸ்கூல் சேரும்போது டி.சி. பார்த்து கிளாஸ் போடுவது மாதிரி. லினக்ஸில் இந்தச் சிப்புக்கான டிரைவரை எழுதியவர் ஆலன் காக்ஸ் என்ற பிரிட்டிஷ்காரர். அந்த புரோகிராமின் தலைப்பில் 2005 என்று போட்டிருக்கிறது. எங்கள் சித்தி கல்யாண வருஷம்! எந்த ஊரிலோ ஒருவர் அன்றைக்கு எழுதி, எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டது, பாரிவாக்கத்தில் எங்கள் வீட்டு மேஜையில் இன்றைக்கு வேலை செய்தது.

டிரைவர் தானாகவே ஏறிவிட்டது. ஆனாலும் டிஸ்க் வரவில்லை. கெர்னல் எழுதி வைக்கும் குறிப்புகளைப் படித்தோம். 'கன்ட்ரோலர் ஸ்மார்ட் மோடில் இருக்கிறது' என்று ஒரு வரி. இரண்டு மூன்று டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே டிஸ்க் மாதிரி காட்டுவதற்கு ரெய்டு என்று பெயர். இந்த கார்டு அந்த வேலைக்காகச் செய்தது. ஸ்மார்ட் மோடில் அது டிஸ்க்கைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு, நடுவில் நின்று பேசும். எங்களுக்கோ நேரடியாக டிஸ்க்கோடு பேச வேண்டும். அதற்கும் ஆலன் காக்ஸ் வழி வைத்திருக்கிறார். டிரைவரை இறக்கிவிட்டு, 'நோரெய்டு=1' என்று சேர்த்து மறுபடி ஏற்றினால் கார்டு ஒதுங்கி வழி விடும். செய்தோம். கார்டு வழி விட்டது. டிஸ்க் இன்னும் வரவில்லை!

மாமாதான் டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்து, "டேய், ஜம்பர் ஸ்லேவ்ல இருக்குடா" என்றார். ஐடிஇ-யில் ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் மாட்டலாம். ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ். எது எது என்று சொல்வது பின்பக்கம் இருக்கும் குட்டி பிளாஸ்டிக் ஜம்பர். பழைய கம்ப்யூட்டரில் இது இரண்டாவது டிஸ்க். மாஸ்டர் இல்லாமல் ஸ்லேவ் மட்டும் தனியாக இருந்தால் சில கன்ட்ரோலர்கள் கண்டுகொள்ளாது. கடையில் கன்வெர்ட்டரில் வராததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். ஜம்பர் எங்கே இருக்க வேண்டும் என்று டிஸ்க்கின் லேபிளிலேயே படம் போட்டிருந்தது. இடுக்கியால் எடுத்து மாஸ்டரில் போட்டோம்.

வந்துவிட்டது. 80 ஜிபி, இரண்டு பார்ட்டிஷன்.

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. பழைய டிஸ்க்கைப் பார்த்ததும் சில சமயம் கம்ப்யூட்டர், "ஃபார்மேட் செய்யட்டுமா?" என்று கேட்கும். ஓகே அழுத்தினால் கதை முடிந்தது. நாங்கள் படிக்க மட்டும், எழுத முடியாத மாதிரி திறந்து, முதலில் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு காப்பி எடுத்தோம். அப்புறம்தான் போட்டோ பார்த்தோம். 312 படங்கள். அதில் 9 படங்களில் ஆயா. ஒன்றில் பந்தியில் நின்று யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். அம்மா ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு, "எங்கம்மாவுக்கு முன்பல்லு கொஞ்சம் தூக்கலா இருக்கும், மறந்தே போயிட்டேன்" என்றார்.

நண்பர்களே, கார்டு இருக்கிறதா, அதற்கு டிரைவர் ஏறியதா, கார்டு எந்த மோடில் இருக்கிறது, ஜம்பர் எங்கே இருக்கிறது: ஒவ்வொரு படியாகக் கேளுங்கள். ஒரு படியில் பதில் வராவிட்டால் அந்தப் படியில்தான் கோளாறு. அதற்காக டிஸ்க்கையே குறை சொல்லக் கூடாது. ஆனால் டிஸ்க் 'டக் டக்' என்று தட்டும் சத்தம் கொடுத்தால் மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள். அது வேறு வியாதி. ஓட்ட ஓட்ட இன்னும் கெட்டுப்போகும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு டிஸ்க் கிடக்கலாம். காயலான் கடைக்குப் போடுவதற்கு முன்னால் என்னிடம் சொல்லுங்கள். கார்டு எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

– பதினோராம் வகுப்பு மாணவன், பாரிவாக்கம்